வைஃபை கம்பெனியை மாற்றுவதற்கு முன்னால்

(திண்டிவனத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வராத குழுக்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



போன மாதம் கடன் வசூலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குழுவின் நோட்டில் புதுசா ஒரு தலைப்பு இருந்தது. மாடு, விதை, கல்லூரிக் கட்டணம், தையல் மெஷின் என்று எழுதுகிற இடத்தில் "வைஃபை, ரூ.7,000" என்று எழுதியிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். "இதுக்கெல்லாமா குழுவுல கடன் குடுப்பாங்க?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். கடன் வாங்கிய அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி. வைஃபையோ ஓடவில்லை. அன்றைக்கே முடிவு செய்தோம், அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசுவது என்று.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லைங்க. நம் குழுக் கணக்கையே இப்போது லோக்கோஸ் செயலியில்தான் ஏற்றுகிறோம். பிள்ளைகளின் ஹால் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் எல்லாம் நெட்டில்தான். அந்த அக்கா மயிலம் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் வேலை செய்கிறார். ரவிக்கை மாதிரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, திண்டிவனத்தில் இருந்தும் புதுச்சேரியில் இருந்தும் ஆர்டர் வாங்குகிறார். வீட்டுக்குள் செல்போனில் டவர் கிடைக்காது, மொட்டை மாடிக்குப் போனால்தான் ஒரு கோடு தெரியும். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அந்த வீட்டுக்கு வைஃபை ஆடம்பரமா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தவறு கடன் வாங்கியதில் இல்லை. வாங்கிய பணத்தைக் கட்டிய விதத்தில்தான் தவறு.

நடந்ததைச் சொல்கிறோம், அவர் அனுமதியோடுதான். மாதம் 499 ரூபாய் திட்டம். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 589 ரூபாய் ஆகிவிடுகிறது. விளம்பர நோட்டீசில் 499-ஐப் பெரிசாகப் போடுவார்கள், வரியைப் பொடி எழுத்தில் போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்க. "பன்னிரண்டு மாசத்துக்கு மொத்தமா கட்டுங்கக்கா, ஒரு மாசம் இலவசம்" என்று வந்த தம்பி சொல்ல, குழுவில் 7,000 வாங்கி, கையில் இருந்து மேலே கொஞ்சம் போட்டுக் கட்டிவிட்டார். மூன்று மாதம் நன்றாக ஓடியது. நான்காவது மாதம் இழுக்க ஆரம்பித்தது. மழை வந்ததும் ஒரேயடியாக நின்றது. 23 நாள்! தினமும் அந்தத் தம்பிக்குப் போன் போடுவார். "நாளைக்கு வர்றேங்கக்கா." சில நாள் எடுப்பான், சில நாள் எடுக்கமாட்டான். குழுவுக்கு மாதம் 700 ரூபாயும் வட்டியும் கட்டியாக வேண்டும், அது நாளைக்கு வர்றேன் என்று சொல்லாதே.

எங்களிடம் வந்தபோது நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "புகார் எண் இருக்காக்கா?" என்பதுதான். இல்லை. 23 நாளும் அவர் பேசியது அந்தத் தம்பியின் சொந்த நம்பரில். கம்பெனியின் கணக்கில் அந்த வீட்டில் ஒரு பழுதும் இல்லை, ஒரு புகாரும் இல்லை. தீர்மான நோட்டில் எழுதாமல் கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே, அதே கதைதான்.

எங்கள் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் திண்டிவனம் அலுவலகத்தில் நெட் அடிக்கடி போனது. கோபத்தில் கம்பெனியை மாற்றினோம். புதுப் பெட்டி, புது ரசீது, புது ஸ்டிக்கர். இரண்டே வாரத்தில் அதே தொல்லை. பார்த்தால், புதுக் கம்பெனிக்கும் தெருவில் கம்பி இழுத்துக் கொடுப்பவர் அதே உள்ளூர் கேபிள்காரர், அதே கம்பம், அதே மூலையில் தொங்குகிற அதே பெட்டி. பெயர்ப்பலகை மாறியது, கம்பி மாறவில்லை. சமூகப்பணி படித்தவர்கள் நாங்களே இப்படி ஏமாந்தோம் என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

அதனால் மாற்றுவதற்கு முன்னால், கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள். வீட்டுக்குள்ளேயா, வெளியில் வருகிற கம்பியிலா? இதற்கு மெக்கானிக் வேண்டாம். மோடம் பெட்டியில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். கண்ணாடி இழைக் கம்பி, அதாவது ஃபைபர் வந்திருக்கிற வீடுகளில் எல்.ஓ.எஸ். என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ வெளியில் இருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். கம்பி அறுந்திருக்கலாம், எங்கேயாவது மடங்கியிருக்கலாம். அப்போது நாம் பெட்டியைப் பத்துத் தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. அந்தச் சிவப்பு விளக்கைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், அது சாட்சி.

ஃபைபர் என்பது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஓடவில்லை, ஒளிதான் ஓடுகிறது. கதவு இடுக்கில் நசுங்கினால், ஆணியில் சுற்றி மடக்கினால் ஒளி கசிந்துவிடும். எலி கடிக்கும். அணிலும் கடிக்கும். 2021-ல் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று சொல்லப்பட்டபோது தமிழ்நாடே சிரித்தது. ஓலக்கூர் பக்கம் ஒரு வீட்டில் அணில் கடித்த கம்பியை எங்கள் கையில் கொடுத்தார்கள், நாங்கள் சிரிக்கவில்லை. அப்புறம் பொக்லைன். ரோடு அகலப்படுத்துகிறார்கள், குடிதண்ணீர்க் குழாய் பதிக்கிறார்கள். ஒரு கொத்து கொத்தினால் நான்கு ஊருக்கு நெட் போய்விடும்.

சிவப்பு விளக்கு இல்லை, ஆனாலும் நெட் இழுக்கிறது என்றால் பெட்டிக்குப் பக்கத்திலேயே செல்போனோடு நின்று பாருங்கள். அங்கே நன்றாக ஓடி, சமையல் கட்டில் ஓடவில்லை என்றால் கோளாறு கம்பெனியில் இல்லை, பெட்டியை வைத்த இடத்தில்தான். நம் வீடுகளில் பெட்டியை எங்கே வைக்கிறோம்? பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்கு மேல், டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில். இரும்பு பீரோ வைஃபைக்குச் சுவர் மாதிரி. வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். சில பெட்டிகளில் ஒரே பெயரில் இரண்டு வைஃபை தெரியும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். செல்போன் 5ஜி வேறு, இது வேறு. இது வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துபோகும். 5ஜி என்று போடாதது வேகம் குறைவு, ஆனால் அடுத்த அறை வரை போகும். தூரத்தில் இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மாதக் கடைசியில் மட்டும் இழுக்கிறதா? அது பழுதாக இல்லாமல் இருக்கலாம். சில திட்டங்களில் இத்தனை ஜி.பி. தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ரசீதில் இருக்கும். வீட்டில் பசங்க ராத்திரி பூரா படம் பார்த்தால் இருபதாம் தேதியே தீர்ந்துபோகும்.

வேகத்தை எம்.பி.பி.எஸ். என்ற கணக்கில் சொல்வார்கள். டாக்டர் படிப்பு இல்லைங்க! ஒரு நொடியில் எவ்வளவு தகவல் வருகிறது என்ற அளவு. 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டுவந்தபோது 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2023 ஜனவரியில் அதைக் குறைந்தபட்சம் 2 எம்.பி.பி.எஸ். என்று மாற்றினார்கள். கம்பெனி நோட்டீசில் "50 எம்.பி.பி.எஸ். வரை" என்று போட்டிருக்கும். அந்த "வரை" என்ற சொல்லில்தான் சூட்சுமம். உங்கள் வீட்டில் எவ்வளவு வருகிறது என்று வேகம் பார்க்கும் செயலியில் காலை, மதியம், இரவு மூன்று வேளை பார்த்து, தேதி போட்டு எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும்.

மின்சாரம் போனால் நெட் போவது நமக்குத் தெரியும். நம் வீட்டில் கரண்ட் இருக்கிறது, நெட் மட்டும் இல்லை என்றால்? தெரு முனையிலோ அடுத்த ஊரிலோ இருக்கிற கேபிள்காரரின் பெட்டிக்குக் கரண்ட் போயிருக்கும், அவரிடம் பேட்டரி இருக்காது. நம் வீட்டு மோடத்துக்குச் சின்ன யு.பி.எஸ். வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் அந்த முனையில் பேட்டரி இல்லாவிட்டால் நம் யு.பி.எஸ். சும்மா விளக்கு எரிய உதவும், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோளாறு கம்பியில்தான் என்று தெரிந்தால், புகார். வருகிற தம்பியோடு சண்டை போட வேண்டாம், பாவம், அவனுக்கும் நாற்பது ஊர். ஆனால் அவனிடம் சொல்வது புகார் ஆகாது. கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது அவர்கள் செயலியில் பதியுங்கள். புகார் எண் தருவார்கள். அதை நோட்டில் எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், நாம் டிராய் என்று சொல்கிறோமே, அது 2012-ல் போட்ட விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். புகார் சரியாகவில்லை, பதில் திருப்தி இல்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். 30 நாளுக்குள் அவரிடம் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது. புகார் எண் இல்லாமல் அங்கே போக முடியாது. அதனால்தான் அந்த எண்ணைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம்.

இன்னொன்று பல பேருக்குத் தெரியாது. பழுது மூன்று நாளைத் தாண்டினால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று டிராய் 2006-லேயே பிராட்பேண்டுக்கு விதி செய்தது. 2024 அக்டோபரில் புது விதிகள் நடைமுறைக்கு வந்தன, அவற்றிலும் கழிவு இருக்கிறது. எத்தனை நாளுக்கு எவ்வளவு என்று கம்பெனியின் நுகர்வோர் சாசனத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்பணம் கட்டியவர்கள் கெடு நாளை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குத் தானாகக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் மிகச் சின்ன கம்பெனிகளுக்கு டிராயின் தர விதிகள் எல்லாம் பொருந்தாது. அவர்களிடமும் நாம் நுகர்வோர்தான் என்பது மாறாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி, நெட் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று கம்பெனிகள் வாதாடிக்கொண்டிருந்தன. விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 500 ரூபாய்க்காக விழுப்புரத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். எல்லாரும் போக வேண்டும் என்று சொல்லவில்லை. "ஆணையத்துக்குப் போவோம்" என்று புகார் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்பது எங்கள் அனுபவம்.

அந்த மயிலம் அக்காவோடு உட்கார்ந்து அப்படித்தான் செய்தோம். புகார் எண் வாங்கிய ஆறாவது நாள் ஆள் வந்து கம்பியை மாற்றினார்கள். ஆனால் அடுத்த மாதமே மறுபடியும் போனது. சரி, மாற்றிவிடலாம் என்றார்.

மாற்றுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. செல்போன் சிம்மை 2011 ஜனவரியில் இருந்து நாடு முழுவதும் நம்பர் மாறாமல் வேறு கம்பெனிக்கு மாற்றலாம். வீட்டு பிராட்பேண்டில் அந்த வசதி கிடையாது. பழையதை மூடி, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே அவசரப்பட்டுப் பழையதை முதலில் அறுக்காதீர்கள். புதியதை ஒரு மாதத் திட்டத்தில் மட்டும் எடுங்கள். ஒரு மழை, ஒரு மின்தடை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இந்த மூன்றையும் தாங்குகிறதா பாருங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்குக் கட்டலாம்.

எந்தக் கம்பெனி என்று எங்களைக் கேட்கிறீர்கள். நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம், திண்டிவனத்தில் நன்றாக ஓடுவது மரக்காணத்தில் ஓடாது. உங்கள் தெருவில் கேளுங்கள். நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் யார் வீட்டில் முதலில் நெட் வந்தது? 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. தென்பெண்ணை பெருகி அரசூரில் நெடுஞ்சாலையே மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயிலை நிறுத்தினார்கள். அந்த வாரம் யார் நெட்டும் நிற்கத்தான் செய்யும், அதற்குக் கம்பெனியைத் திட்ட முடியாது. ஆனால் தண்ணீர் வடிந்ததும் ஏணியோடு முதலில் யார் வந்தார்கள், யார் பொங்கல் வரை இழுத்தடித்தார்கள் என்பது தெருவில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுதான் அந்தக் கம்பெனிக்கு நம் ஊர் கொடுக்கிற மார்க்.

அடுத்து, எங்களைப் போல ஏமாறாதீர்கள். "உங்க கம்பி எந்தக் கம்பத்துல வருது, யார் இழுக்கிறாங்க, அறுந்தா யார் வந்து ஒட்டுவாங்க?" என்று கேளுங்கள். பழைய ஆளே என்றால் மாற்றி என்ன பிரயோஜனம்? ஊராட்சி அலுவலகத்துக்கு பாரத்நெட் கம்பி வந்திருக்கிறதா, அதில் இருந்து வீட்டுக்கு இணைப்புத் தருகிறார்களா என்றும் விசாரியுங்கள். பி.எஸ்.என்.எல். ஃபைபரும் பல ஊரில் உள்ளூர் ஆட்கள் மூலம்தான் வருகிறது, அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

பழைய இணைப்பை மூடும்போது வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து, தேதியோடு நகல் வாங்குங்கள். மோடம் அவர்களுடையது என்றால் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பெட்டிக்கு 2,000 ரூபாய் கேட்டு மெசேஜ் வரும், எங்களுக்கு வந்தது. வைப்புத்தொகை கட்டியிருந்தால் 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் மேலேயே "நெட் இணைப்புக்காக மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டு வைஃபை யார் பெயரில் இருக்கிறது?

போன மாதம் பன்னிரண்டு பேரிடம் கேட்டோம். பணம் கட்டுவது பன்னிரண்டு பேரும். பெயர் தன் பெயரில் இருந்தது மூன்று பேருக்கு. மற்றவர்களுக்குக் கணவர் பெயர், மகன் பெயர், ஒருவருக்குச் சென்னையில் இருக்கிற மைத்துனர் பெயர்! ஓ.டி.பி.யும் புகார் எண்ணும் பதிவு செய்த செல்லுக்குத்தான் போகும். அந்த மயிலம் அக்காவுக்கும் அதுதான் நடந்தது. இணைப்பு, ஓசூரில் வேலை பார்க்கிற மகன் பெயரில். அவன் ஷிஃப்டு முடிந்து போனை எடுத்தால்தான் இங்கே புகார் பதிய முடியும். கடன் அம்மா பேரில், நெட் பிள்ளை பேரில். புது இணைப்பைத் தன் பெயரிலேயே, தன் செல் நம்பரிலேயே எடுத்திருக்கிறார். அவருக்குப் பழைய கம்பெனியில் மீதி ஐந்து மாதப் பணம், ஏறக்குறைய 2,700 ரூபாய், இதுவரை திரும்பவில்லை. மேல்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இந்த இதழில் தெரிவிக்கிறோம்.

அவர் குழு போட்ட தீர்மானத்தை மற்றக் குழுக்களும் பார்க்கட்டும் என்று சொன்னார்கள். வைஃபைக்குக் கடன் கொடுக்கலாம், தொழிலுக்கோ படிப்புக்கோ தேவை என்றால். ஆனால் மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் கிடையாது. ரசீது, கடன் வாங்கும் உறுப்பினர் பெயரில் இருக்க வேண்டும். தலை குனிந்திருந்த அந்த அக்காதான் இதை முன்மொழிந்தார். சிரித்த அக்கா வழிமொழிந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு நெட் ரசீதையும், மோடம் பெட்டியின் படத்தையும் எடுத்து வாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, கெடு என்றைக்கு என்று எல்லாருக்கும் பார்த்து எழுதித் தருகிறோம். பெயர் மாற்ற விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் அரை மணி நேரம் முன்னதாக வந்தால் நல்லது.